அந்தப் படத்தில் அவள் ஏன் போகிறாள்

அண்ணனுக்கும் அண்ணிக்கும் கோர்ட்டில் எல்லாம் முடிந்த அன்று எனக்கு வந்த முதல் கவலை ரொம்ப அற்பமானது. இனிமேல் அண்ணியை நான் என்னவென்று கூப்பிடுவது? பேர் சொல்ல முடியாது, என்னைவிட ஆறு வயது மூத்தவர். 'அக்கா' என்று கூப்பிட நாக்கு ஒத்துக்கொள்ளாது. 'அண்ணி' என்றால் அம்மா முறைப்பாள். என் போனில் அவர் எண் 'அண்ணி' என்றுதான் இருந்தது. மாற்றலாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு அப்படியே விட்டேன். அண்ணனுக்கு மனைவி போனாள், அம்மாவுக்கு மருமகள் போனாள். என் கணக்கு வேறு. என் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்து, வெளியே வந்ததும் என்னோடு மல்லுக்கு நிற்க இந்த ஊரில் எனக்கு இருந்தது அந்த ஒரே ஆள்தான். அவரை நான் விடப்போவதில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். எப்படி விடாமல் இருப்பது என்றுதான் தெரியவில்லை.

எங்கள் சண்டை அவர் கல்யாணமாகி கீழ்பென்னாத்தூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரமே ஆரம்பித்தது. அண்ணனுக்கு சினிமா என்றால் வேப்பங்காய். தேரடி வீதியில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறான். "இருட்டுல மூணு மணி நேரம் உக்கார்றதுக்கு வூட்ல ஃபேன போட்டுத் தூங்கலாம்" என்பான். அதனால் புதுப்பெண்ணைப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும் வேலை தங்கச்சி என் தலையில் விழுந்தது. அன்று பார்த்த படத்தில் ஹீரோ, இறக்கத்தில் ஓடிவரும் லாரியை ஒற்றைக் காலால் நிறுத்தினார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். பக்கத்தில் காது கிழிகிற மாதிரி ஒரு விசில். திரும்பிப் பார்த்தால், தாலிக்கயிற்றில் மஞ்சள்கூட மங்காத எங்கள் வீட்டு மருமகள் இரண்டு விரலை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "அண்ணி, லாரி எப்படி நிக்கும்? அது என்ன காலா, ஹேண்ட் பிரேக்கா?"

"நிக்காதுன்னு எனக்குத் தெரியாதா? நெஜத்துல எதுவும்தான் நிக்கல. அங்கியாவது ஒண்ணு நிக்கட்டுமே. உனக்கு இன்னா போச்சு?"

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. ஏழு வருடம் விடவில்லை. எனக்குப் பிடித்தது மெதுவாகப் போகிற படம். நிஜமான தெரு, நிஜமான வெயில், யாரும் உரக்கப் பேசாத படம். அப்படி ஒன்றுக்கு அவரை இழுத்துக்கொண்டு போனால், வீடு வந்து சேரும்வரை என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். "படமாடி அது? ஒரு ஆளு சைக்கிள தொடச்சான், தொடச்சான், தொடச்சிகினே இருந்தான். இன்டர்வெல் வுட்டான். நான் போயி பாப்கார்ன் வாங்கியாந்து பாக்கறேன், இன்னும் தொடைக்கிறான்." நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தச் சைக்கிள் அவனுடைய செத்துப்போன அப்பாவுடையது, அது உங்களுக்குப் புரியவில்லையா என்று நடுத்தெருவில் நின்று கத்துவேன். "புரிஞ்சுது, புரிஞ்சுது. அழுவணும்னு எதிர்பாக்கறான். வூட்ல அழுவறது பத்தாதுன்னு இங்க டிக்கெட் எடுத்து வேற அழுவணுமா?" என்பார் அண்ணி. நானும் சிரிப்பேன். அதை சினிமா விமர்சனம் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. தியேட்டருக்குள் படத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது. இடைவேளையில்கூட முகத்தில் ஒன்றும் காட்டக்கூடாது. வெளியே வந்து, தெருமுனை டீக்கடையில் கையில் டீ வந்த பிறகுதான் தீர்ப்பு. 'சூப்பர்' என்று ஒருவர் சொன்னால் மற்றவர் 'டிவியில போட்டா பாக்கலாம்' என்பார். இரண்டு பேரும் ஒரே தீர்ப்பு சொன்ன படம் ஒன்றைத் தவிர வேறு இல்லை. ஒரு தடவை இரண்டு பேருக்குமே ஒரு படம் பிடிக்காமல் போனது. அதிலும் ஏன் பிடிக்கவில்லை என்று அரை மணி நேரம் சண்டை.

அந்தக் கடைசிப் படத்துக்கு நான்தான் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனேன். தூங்கிவிடுவார் என்று நினைத்தேன். ஒரு சின்ன ஊர். லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் ஒருவன், அவன் மனைவி. அவன் கெட்டவன் இல்லை. வீட்டுக்கு வேண்டியதெல்லாம் வாங்கிப் போடுகிறான். அவளுக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்கிவந்து மேஜைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறான். படம் முழுக்க இதுதான். கடைசியில் ஒரு நாள் காலை அவள் துணி துவைத்துக் காயப்போடுகிறாள், குடையை எடுத்துக்கொள்கிறாள், பஸ் ஏறிப் போய்விடுகிறாள். படம் முடிந்துவிட்டது. அண்ணி தூங்கவில்லை. விளக்கு போட்ட பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.

மழை தூறிக்கொண்டிருந்தது. டீக்கடைத் தகரத்துக்குக் கீழே நின்றோம். ஆளுக்கு ஒரு டீ, ஒரு மசால் வடை. நான்தான் ஆரம்பித்தேன்.

"நல்லாத்தான் எடுத்திருக்கான். ஆனா முடிவு ஒட்டல அண்ணி."

"ஏன்?"

"அவ ஏன் போறா? காரணமே இல்லையே."

"இருக்குது."

"எங்க இருக்கு? அவன் அடிச்சானா? குடிச்சானா? வேற யாராவது இருக்காளா? ஒண்ணும் கிடையாது. டைரக்டர் நமக்கு எதையுமே காட்டல. திடீர்னு குடைய எடுத்துக்கிட்டா எப்படி?"

"காட்னானே. அவ புதுப் பொடவ கட்டிகினு வந்து நிக்கிறா. அவன் நிமிந்து பாக்கறான். பாத்துட்டு, கேஸ் சிலிண்டர் புக் பண்ணியாச்சான்னு கேக்கறான்."

"அது ஒரே ஒரு சீன் அண்ணி."

"தினம் நடக்கறத ஒருவாட்டிதான காட்ட முடியும்? தினம் தினம் காட்டுனா நீயே எந்திரிச்சு வந்துருவ."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மெதுவான படத்துக்கு அண்ணி வக்காலத்து வாங்குகிறார், நான் எதிர்க்கட்சி. இப்படி ஒருநாளும் நடந்ததில்லை. அதுவே எனக்கு உற்சாகமாகிவிட்டது. "சரி, அதுக்கு அவன்கிட்ட சொல்ல வேண்டியதுதானே? ஏன் சொல்லல?" என்றேன். "சொல்றா. ஜன்னலாண்ட நின்னு, இன்னிக்கு கிளியெல்லாம் வந்துச்சுன்னு சொல்றா. அவன் ம்ம்ங்கறான். வேற எப்டி சொல்றது?" என்றார். "கிளி வந்துச்சுன்னு சொன்னா, நான் கஷ்டப்படறேன்னு அர்த்தமா? அவன் என்ன ஜோசியனா?" என்றேன். நல்லாப் பேசிவிட்டோம் என்று எனக்கே பெருமை. அண்ணி டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"இதுக்கெல்லாமா ஒருத்தி வீட்ட விட்டுப் போவா?" என்று முடித்தேன். "யாரும் ஒத்துக்க மாட்டாங்க. நானே ஒத்துக்கல."

"நீயே ஒத்துக்கலியா?"

"ஒத்துக்கல."

அண்ணி லேசாகச் சிரித்தார். "சரி வுடு" என்றார்.

ஏழு வருடத்தில் எந்தப் படத்துக்கும் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு வடை வாங்கித் தின்றேன். அந்த வடையை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னையே பளாரென்று ஒன்று விட வேண்டும்போல் இருக்கிறது.

மூன்று வாரம் கழித்து அண்ணி ஒரு பையோடு கீழ்பென்னாத்தூர் போனார். இரண்டு நாளில் வந்துவிடுவார் என்று இருந்தோம். வரவில்லை. போன் போட்டால், "இனிமே வர்ல அத்தை" என்று அம்மாவிடம் நிதானமாகச் சொன்னார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஊருக்கு அது போதவில்லை, ஆளாளுக்கு ஒரு காரணம் கொண்டுவந்தார்கள். குழந்தை இல்லை, அதான் என்றார்கள். மாமியார் சரியில்லை என்றார்கள், பாவம், அம்மா அதைக் கேட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. சொந்தத்தில் ஒரு பெரியம்மா நேராக என்னைப் பார்த்தே சொன்னாள்: "நீதான அவள படம் படம்னு இஸ்துகினு திரிஞ்ச. அதுல வர்ற மாதிரியே பண்ணிட்டா பாரு." எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. "லாரிய நிறுத்தற படமும்தான் பாத்தாங்க. போயி எந்த லாரிய நிறுத்தினாங்க?" என்று கேட்டுவிட்டேன். அதற்கு அம்மாவிடம் திட்டு. அண்ணன் பாட்டுக்குக் கடைக்குப் போனான், வந்தான்.

வேங்கிக்காலில் என் ஆபீசில் உட்கார்ந்து தபால்களுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் சுருக்கென்று உறைத்தது. அன்று டீக்கடையில் அண்ணி பேசியது படத்தைப் பற்றியே இல்லை. எண் போடுவதை அப்படியே நிறுத்திவிட்டேன். புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றது எந்த வீட்டில்? கேஸ் புக் பண்ணியாச்சா என்று கேட்டது யார்? எங்கள் வீட்டு ஜன்னல் பக்கமும் கிளி வரும், அங்கே இருக்கும் கொய்யா மரத்துக்கு. ஏழு வருடம் நானும் அதே வீட்டில்தான் இருந்தேன். ஒரு மனுஷி என் முன்னால் நின்று தன் வாழ்க்கையைச் சொல்லியிருக்கிறார். நான் வடையைத் தின்றுகொண்டே, திரைக்கதை பலவீனம் என்று மார்க் போட்டிருக்கிறேன். நீயே ஒத்துக்கலியா என்று கேட்டாரே, அதற்காவது கொஞ்சம் யோசித்துப் பதில் சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகு அவருக்கு போன் செய்ய எனக்கு முகம் இல்லை. மெசேஜ் டைப் செய்வேன், அழிப்பேன். அவரும் ஒன்றும் அனுப்பவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் படங்கள் வந்துகொண்டிருந்தன. தனியாகப் போய்ப் பார்த்தேன். வாய் நிறைய தீர்ப்போடு வெளியே வந்து, அதைச் சொல்ல ஆள் இல்லாமல் ஆட்டோ ஏறுவதைப்போல ஒரு கொடுமை கிடையாது. ஆபீசில் பக்கத்து சீட் மேடத்திடம் சொல்லிப் பார்த்தேன். அந்த அம்மாவுக்கு எல்லாப் படமும் 'நல்லா இருந்துச்சு'. நான் மட்டம் என்றால் "ஆமா மேடம், மட்டம்தான்" என்று அதற்கும் தலையாட்டுவாள். இவளோடெல்லாம் எப்படிச் சண்டை போடுவது? அண்ணியை நினைத்து ஏங்கிப்போனேன். கோர்ட் முடிந்த பிறகு அது இன்னும் ஜாஸ்தியானது. இனி அவர் யாரோ, நான் யாரோ என்று சட்டமே சொல்லிவிட்டதே என்று இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் என்னைக் கூப்பிட்டான். "நீங்க ரெண்டு பேரும் கடைசியா போனீங்களே, அது எந்தப் படம்?" என்றான். சொன்னேன். ஓடிடியில் வந்துவிட்டிருந்தது. படமே பார்க்காதவன் கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, போனைக் கையில் பிடித்தபடி முழுப்படத்தையும் பார்த்தான். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. முடிந்ததும் நிமிர்ந்து, "படம் நல்லாத்தான் இருக்குது. ஆனா அந்த ஆளு என்ன தப்பு பண்ணான்னுதான் புரியல" என்றான்.

எனக்கு வந்ததே கோபம். "புரியலயா? ஒண்ணுமே புரியலயா உனக்கு?"

"ஜொரம்னா மாத்திர வாங்கியாந்து குடுக்கறானே?"

"குடுக்கலண்ணா, மேஜ மேல வெச்சுட்டுப் போறான். நெத்தில கை வெச்சுப் பாத்தானா?"

"அதெல்லாம் ஒரு தப்பா?"

இரண்டு வருடத்துக்கு முன்னால் டீக்கடையில் நான் கேட்டதும் இதுதான். அவன் வம்புக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டான். முகம் அவ்வளவு பாவமாக இருந்தது. பிறகு விரலால் தள்ளித் தள்ளி, மாத்திரை வைக்கிற இடத்துக்கே திரும்பப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சமையலறைக்குள் போய் அழுதேன். என் அண்ணன் கெட்டவன் இல்லை. அதுதான் கஷ்டமே.

அன்று சாயங்காலமே அண்ணிக்கு மெசேஜ் போட்டேன். லாரியை நிறுத்தினவருடைய புதுப்படம் வருகிறது, வர்றீங்களா என்று மட்டும். 'அண்ணி' என்று எழுதவில்லை, எழுதாமலும் இல்லை. எழுதி அழித்துவிட்டுத்தான் அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் வந்தது: 'பௌர்ணமி ஞாயித்துக்கெழம வருது. மெடிக்கல்ல எனக்கு லீவு. மேட்னி.' அவர் மெடிக்கல் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்திருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும்.

பௌர்ணமி அன்று பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். தற்காலிகப் பேருந்து நிலையத்தில் போய்க் காத்திருந்தேன். கிரிவலம் போகிற கூட்டத்துக்கு நடுவில் அண்ணி இறங்கினார். சுடிதார் போட்டிருந்தார், கொஞ்சம் இளைத்திருந்தார். ஓடிப்போய் எதிரில் நின்றேன். வாயைத் திறந்தேன். கூப்பிட வார்த்தை வரவில்லை.

"வாங்க... பஸ்ல கூட்டமா?"

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாடி, வாயில கொழுக்கட்டையா? அண்ணின்னு வர்லியா?"

"இல்ல... கூப்புடலாமான்னு..."

"கோர்ட்ல உங்கண்ணனுக்குத்தான எழுதிக் குடுத்தேன். உனக்கா எழுதிக் குடுத்தேன்? நட, டைமாவுது."

நடந்தோம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வழியில் அம்மாவின் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். அண்ணன் நேரத்துக்குச் சாப்பிடுகிறானா என்று கேட்டார். அவன் அந்தப் படத்தைப் பார்த்ததைச் சொன்னேன். அண்ணி நடையை நிறுத்தவில்லை.

"புரிஞ்சுதா அவருக்கு?"

"இல்ல அண்ணி. திருப்பித் திருப்பிப் பாத்தான். புரியல."

"ம்ம். தெரியும்" என்றார். குரலில் கோபம் இல்லை.

பௌர்ணமி அன்று எங்கள் ஊர் தியேட்டரில் ஒரு விசேஷம் உண்டு. மலையைச் சுற்றிவிட்டு வந்த வெளியூர்க்காரர்கள் ஏசிக்காகவே டிக்கெட் எடுத்து வந்து தூங்குவார்கள். அன்றும் பாதி தியேட்டர் தூங்கியது. முன்வரிசையில் ஒருவர் வெறும் காலை நாற்காலிமேல் தூக்கிப் போட்டுக்கொண்டு குறட்டை விட்டார். ஹீரோ வந்தார். இந்தத் தடவை ரயில். அண்ணியின் இரண்டு விரல் வாய்க்குப் போனது. சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார், விரலை எடுத்துவிட்டார். "பாவம், நடந்து வந்த காலு" என்றார் மெதுவாக.

இடைவேளையில் ஆளுக்கு ஒரு சமோசாவோடு வராந்தாவில் நின்றோம். உள்ளே பேசக்கூடாது என்ற சட்டத்தை நான்தான் மீறினேன். என்னால் முடியவில்லை.

"அண்ணி, அந்தப் படம்... அன்னிக்கு நான் சொன்னது தப்பு. அவ போனதுக்குக் காரணம் இருக்கு. நான் ஒத்துக்கறேன்." சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஐயே, இன்னாடி இது?" என்று சமோசா கையாலேயே என் கண்ணைத் துடைத்தார். மசாலா பட்டு இன்னும் எரிந்தது. "இதுக்குத்தான் ரெண்டு வருஷமா போன் பண்ணாத கெடந்தியா? நான் இன்னாவோ உங்கம்மா வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு நெனச்சிகினு இருந்தேன்."

"காரணமே இல்லன்னு உங்க மூஞ்சிக்கு நேரா சொன்னேன் அண்ணி. அடிச்சு அடிச்சுச் சொன்னேன்."

"சொன்னே. அவ ஏன் போறா, ஏன் போறான்னு வுடாம கேட்ட. நான் அவளுக்கோசரம் ஒவ்வொண்ணா சொல்லிகினே வந்தேன். பொடவ, கிளின்னு. சொல்ல சொல்லத்தான் எனக்கே வெளங்குச்சு, இது அவ காரணம் இல்ல, என்னுதுன்னு. அதுவரிக்கும் எனக்கு இன்னா கொறன்னு எனக்கே தெரியாது."

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். எங்கள் வீட்டை விட்டு அவர் போனதற்கு நானும் ஒரு காரணமா என்று கேட்கப் பயமாக இருந்தது. உள்ளே மணி அடித்தது. அண்ணி நகரவில்லை.

"வூட்ட வுட்டு வந்தப்புறம் எங்கம்மா ஏன்னு கேக்கல. உங்கம்மா கேக்கல. உங்கண்ணன் இன்னி வரிக்கும் கேக்கல. வக்கீலு, ஜட்ஜி, ஊரு, எல்லார்கிட்டயும் அவங்கவங்க காரணம் ஒண்ணு ரெடியா இருந்துச்சு. ஏன்னு என்னக் கேட்டது நீ ஒருத்திதான்டி."

பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "நான் படத்தப் பத்தித்தான் கேட்டேன் அண்ணி" என்றேன்.

"தெரியும்" என்றார் அண்ணி. "இருந்தாலும் கேட்டல்ல."